ஞாயிற்றுக்கிழமை மீனும் முங்கிப்போன யுத்தக் கப்பலும்

கஸ்பார் மாமா வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அன்றைக்கு வீட்டில் எடுத்த முதல் முடிவு. பெண் பார்க்க வருகிற இடத்தில் தாய்மாமன் இல்லாமல் முடியாது. இருந்தால் அவர் பேசாமல் இருக்க மாட்டார். அதனால் கல்யாணப் பெண் ரெக்சலினின் அம்மா பிலோமி காலையிலேயே தன் தம்பியை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்கினாள்.

"ஏல, வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க. இவ்வளவுதான் நீ பேசணும். இதுக்கு மேல ஒரு வார்த்த வந்துச்சு, கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன்."

"யக்கா, கடலப் பத்திக் கேட்டாவன்னா?"

"உப்புக் கரிக்கும்னு சொல்லிட்டு உள்ள வந்துரு."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. போன வருடம் ஒரு மாப்பிள்ளை வந்தான். பேங்கு வேலை. எல்லாம் கூடி வருகிற நேரத்தில் யாரோ, "தம்பி நீங்க என்ன செய்யுதிய?" என்று மாமாவைக் கேட்டுத் தொலைத்தார்கள். மாமா பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலத்துக்குச் சொத்தைப் பல் பிடுங்கிய கதையை ஆரம்பித்தார். கடைவாய்க்குள் இறங்கி உட்கார்ந்து காலையில் பிடுங்க ஆரம்பித்த பல் சாயங்காலம்தான் வந்ததாம். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது, தாய்வழியில் ஏதோ கோளாறு இருக்கும்போல் தெரிகிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

உள்ளதைச் சொல்வதென்றால், மாமா பசிபிக் பக்கம் போனது நிஜம். உலக யுத்தத்தில் முங்கிப்போன கப்பல்களைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிற ஒரு தீவில், அவர்களை ஏற்றிப்போகிற படகில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். சமையல் வேலை. மற்றவர்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஸ்கூபா டைவிங் என்று குதிப்பார்கள். மாமா மேலே நின்று வெங்காயம் உரிப்பார். கடற்கரையில் பிறந்திருந்தும், தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்தால் அந்தோணியாரைக் கூப்பிடுகிற ஆள் அவர். இது அவர்கள் ஊரான சிலுவைத்துறை முழுக்கத் தெரிந்த விஷயம்.

இந்தத் தடவை ரெக்சலினுக்குப் பயமாகவே இருந்தது. வரப்போகிற டெல்வினை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். அவள் வேலை பார்க்கிற இறால் கம்பெனியில் குளிர் அறை கெட்டுப்போனபோது பழுதுபார்க்க வந்தான். ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் உடனே சிரிக்க மாட்டான். கையிலிருக்கிற நட்டை முறுக்கி முடித்து, ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் தனியாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவனை விட்டால் இன்னொருத்தன் முன்னால் போய்க் காப்பித் தட்டோடு நிற்க மாட்டேன் என்று மாதா படத்தைப் பார்த்துச் சொல்லியும் வைத்திருந்தாள்.

மாமாவை அடக்கி ஆயிற்று என்று எல்லோரும் நிம்மதியாகப் பூசைக்குப் போனார்கள். பூசை முடிந்து வரும்போதுதான் அம்மா கரையைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே நெஞ்சில் கைவைத்துவிட்டாள். வள்ளம் அத்தனையும் மணலில் ஏறிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை. சிலுவைத்துறையில் ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் கடலுக்குப் போக மாட்டார்கள்.

எல்லோருக்கும் லீவு நாளாக இருக்கட்டும் என்று நாள் குறித்தார்களே தவிர, அன்றைக்கு மீன் இருக்காது என்பது ஒருத்தர் புத்தியிலும் படவில்லை. கடற்கரையில் மீனுக்கு என்ன பஞ்சம் என்கிற திமிர்தான் காரணம். வீட்டில் சனிக்கிழமை மீன் ஐஸ் பெட்டியில் இருந்தது. ஆனால் வருகிறவர்கள் மணல்மேட்டுத்துறைக்காரர்கள். அவர்களும் கடற்கரை. ஐஸ் மீனை முள்ளைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவார்கள். மாப்பிள்ளை வேறு ஐஸ் கம்பெனிக்காரன். கோழி அடிக்கலாம் என்றால், சம்பந்தம் பேச வந்தவனுக்குப் போட ஒரு மீனுக்கு வக்கில்லையா என்று ஊர் சிரிக்கும். கடைசியில் ரெக்சலினின் அப்பா ஜெரோம் பைக்கை எடுத்துக்கொண்டு காசிம்பட்டினத்துக்கு ஓடினார். அது முஸ்லிம்கள் ஊர். அங்கே வெள்ளிக்கிழமை கரையில் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவார்கள். பத்தரை பதினோரு மணிக்கெல்லாம் வள்ளம் கரை பிடித்துவிடும் என்று கணக்கு.

வள்ளத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது.

டெல்வினுக்கு அப்பா இல்லை. பெரியப்பா பர்னபாஸ் மோத்தாதான் எல்லாம். தோணியை நடத்துகிற தண்டலாக இருந்து மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் சரக்கு ஏற்றிப்போன மனிதர். அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. அவர் பின்னால் டெல்வினின் அம்மா ஆக்னஸ், அவளுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் இறங்கினார்கள். எல்லோரும் மெதுவாக, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தால் பசியில் வாடி வந்தவர்கள் மாதிரித்தான் ரெக்சலினுக்குத் தெரிந்தது.

"வாங்க, வாங்க. சாப்பாடு ஆயிட்டே இருக்கு. மீனு மட்டும் இப்பத்தான் கரையேறுது. பச்ச மீனு!" என்றாள் அம்மா, பெருமையும் பயமுமாக.

"ஞாயித்துக்கெழமையா? பச்ச மீனா?" என்றார் பர்னபாஸ். வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

கலர் வந்தது. பர்னபாஸ் கலர் வேண்டாம், வெறும் சோடா போதும் என்றார். அவர் சோடாவைக் குடித்து முடிக்கும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது. அம்மா அடுப்படியில் குசுகுசுவென்று பேசிவிட்டு வெளிறிப்போய் நின்றாள். வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. தூரத்தில் புள்ளியாகத் தெரிகிறதாம்.

அந்தப் பக்கங்களில் சம்மதத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. பெண் வீட்டில் உட்கார்ந்து கை நனைத்துச் சாப்பிட்டால் சம்மதம். சோடாவோடு எழுந்து, வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்றால் அதோடு தீர்ந்தது. மீன் வருகிற வரைக்கும் இவர்களை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். சேலை, நகை, மழை, இறால் விலை எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது. பர்னபாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடி ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொன்னாள். பிறகு பின்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியிடம் போனாள்.

"ஏல கஸ்பாரு. போ. பேசு."

மாமாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "யக்கா, எதப் பத்தி?"

"எதப் பத்தியோ பேசித் தொல. மீனு வந்ததும் ரெக்சலின் திரைக்குப் பின்னால இருந்து 'ஆமா'ன்னு தலைய ஆட்டுவா. அதுவரைக்கும் நிறுத்தாத. ஆனா அந்தத் திமிங்கிலத்துப் பல்லு மட்டும் வேண்டாம்."

மாமா வேட்டியை இறுக்கிக் கட்டினார். கூடத்துக்குப் போய் பர்னபாஸுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"சம்மந்தி," என்று ஆரம்பித்தார்.

"இன்னும் கை நனைக்கல," என்றார் பர்னபாஸ். "அண்ணாச்சின்னே சொல்லும்."

"சரி அண்ணாச்சி. நீங்க தோணியில எத்தனையோ கப்பல மேல பாத்திருப்பிய. கீழ பாத்திருக்கியளா? நான் பாத்திருக்கேன். பசிபிக்ல. ஜப்பான்காரன் யுத்தக் கப்பல். குண்டு போட்டு முங்கினது. நான் ஸ்கூபா சிலிண்டரக் கட்டிக்கிட்டு இறங்குதேன், இறங்குதேன், கப்பல் முடியவே மாட்டேங்குது. அவ்வளவு நீளம். நம்ம ஊருல கெடந்துச்சுன்னா முன்பக்கம் ஒரு கோயில் பங்கு, பின்பக்கம் வேற கோயில் பங்கு. ரெண்டு சாமியாரு போட்டுத்தான் மந்திரிக்கணும்."

திரைக்குப் பின்னால் ரெக்சலின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பர்னபாஸ் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சிலிண்டர்ல காத்து எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அங்கதான் வாறேன். கப்பலோட வயித்துக்குள்ள போய் நடுவுல நிக்கேன், காத்து தீந்துபோச்சு."

"பொறவு? மேல வந்திரா?"

"எப்படி வர? மேல வர அரை நாளாவும். சுத்திப் பாத்தேன். கப்பலுக்குள்ள ராணுவ லாரியா நிக்கு, வரிசையா. லாரின்னா டயர் இருக்கும். டயருன்னா காத்து இருக்கும். வாயக் கொண்டுபோய் வால்வுல வச்சேன்."

"யுத்தம் முடிஞ்சு எத்தன வருசமாச்சு. டயர்ல இன்னும் காத்தா? என் பைக்குல ஒரு வாரம் நிக்க மாட்டேங்கு."

"அது அந்தக் காலத்து டயரு அண்ணாச்சி. காத்தும் அந்தக் காலத்துக் காத்து, நல்ல கெட்டியா இருந்துச்சு. ஒரு டயர் குடிச்சா ஒரு மணி நேரம் பசிக்காது. என்ன ஒண்ணு, பட்டாளத்துக் காத்துல்லா, உள்ள போனதும் காலு தானா லெஃப்ட் ரைட் போட ஆரம்பிச்சிட்டு. கண்ட மீனுக்கெல்லாம் சல்யூட் அடிச்சிட்டே போறேன்."

மாமா திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ரெக்சலின் அடுப்படியைப் பார்த்தாள். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். ரெக்சலின் 'இல்லை' என்று தலையை ஆட்டினாள். மாமா மூச்சை இழுத்து இன்னும் கொஞ்சம் ஆழம் போனார்.

"அடுத்த ரூம் வாசல்ல ஒரு களவா மீனு. மினி பஸ்ஸு இருக்கும். வாயத் திறந்துக்கிட்டு வாட்ச்மேன் மாதிரிப் படுத்துக் கெடக்கு. அதுக்குத் தெரியாம ஒரு பொடிச் சாள மீனு உள்ள போவ முடியாது. கப்பல் முங்கும்போது அதோட சைரன் இருக்குல்லா, சங்கு, அத இந்தக் களவா முழுங்கிட்டு. இன்னும் அது வயித்துக்குள்ள இருந்து நேரத்துக்கு ஊதுது. மில்லு சங்கு ஊதுத மாதிரி! ஊதினதும் கடல்ல இருக்க மீனெல்லாம் செய்யுத வேலைய அப்படியே போட்டுட்டு ஷிப்டு மாறுது."

"மீனுக்கு என்னவே வேல?"

"நீந்துத வேலதான்."

"அப்போ ஷிப்டு முடிஞ்ச மீனு?"

"படுத்துரும். நீங்க வலையில பாத்திருப்பியளே, சில மீனு துள்ளவே துள்ளாது. அதெல்லாம் நைட் ஷிப்டு பாத்த மீனு."

பின்வரிசையில் ஒரு கிழவர் தலையை ஆட்டி, தனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்றார். பர்னபாஸ் அவரை முறைத்துவிட்டு, இன்னொரு சோடா கேட்டார். ஆக்னஸ் பிலோமியைக் கூப்பிட்டு, "வெத்தல இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் வெற்றிலை கேட்டால் கிளம்பப்போகிறார்கள் என்றுதானே அர்த்தம். அம்மா வெற்றிலையைத் தேடுகிற மாதிரி உள்ளே வந்து, "அவிய எந்திரிச்சிருவாவ போலயே, அவன வேகமா ஏதாச்சும் சொல்லச் சொல்லு," என்று ரெக்சலினின் முதுகில் குத்தினாள். ரெக்சலின் திரையைக் கொஞ்சம் விலக்கி, மாமாவைப் பார்த்து மடமடவென்று 'இல்லை, இல்லை' என்று தலையை ஆட்டினாள்.

அதை ஆக்னஸ் பார்த்துவிட்டாள்.

"பொண்ணு எதுக்கு இல்ல இல்லன்னு தலைய ஆட்டுது? இந்தச் சம்பந்தம் பிடிக்கலியா?"

டெல்வினின் முகம் செத்துப்போனதை ரெக்சலின் திரை வழியாகப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நேரம் மாமாவுக்காகப் பயந்தோம், கெடுத்தது நாம்தான் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா கலங்கவே இல்லை. "அதுவா? அவ இந்தக் கதைய முழுசா கேட்டவ. நான் கொறச்சுக் கொறச்சுச் சொல்லுதேன்லா, அது அவளுக்குப் பிடிக்கல. உள்ளது உள்ளபடி சொல்லுங்க மாமாங்கா."

"கொறச்சா சொல்லுதீரு?" என்றார் பர்னபாஸ்.

"பின்ன? அந்தக் களவா மினி பஸ்ஸு இல்ல. பெரிய பஸ்ஸு. உங்களுக்கு மலைப்பா இருக்கும்னு கொறச்சேன்."

டெல்வினின் முகத்தில் உயிர் திரும்பியது. சிரிக்கத்தான் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்கிற மாதிரி மாமாவையே கவனித்துக்கொண்டிருந்தான். அது நல்லதா கெட்டதா என்று ரெக்சலினுக்குப் புரியவில்லை.

"சரி, உள்ளதையே சொல்லும். உள்ள என்ன இருந்துச்சு?" என்றார் பர்னபாஸ்.

"சலூன்."

"என்னது?"

"முடிவெட்டுத சலூன் அண்ணாச்சி. யுத்தக் கப்பல்ல ஆயிரம் பேரு இருப்பான், முடி வளராதா? கண்ணாடி, சுத்துத நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கு. நாற்காலிக்குப் பின்னால ஒரு பேய்க்கணவாய் நிக்கு. எட்டுக் கையி! என்னக் கண்டதும் ஒரு கையால துண்ட உதறி நாற்காலியத் தட்டிக் காட்டுச்சு. அவ்வளவு வருசமா ஒரு கிராக்கி வரல பாவம், ஏக்கம் அதுக்கு. சரின்னு உக்காந்தேன். ஒரு கையில கத்தரி, ஒரு கையில சீப்பு, ஒரு கையில சவரக் கத்தி, ஒண்ணு கண்ணாடியப் பிடிக்குது, ஒண்ணு தோளு அமுக்குது, ஒண்ணு காதக் குடையுது."

"ஆறுதான் ஆச்சு. மிச்சம் ரெண்டு?" பர்னபாஸ் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

"ஒண்ணு விசிறுது."

"தண்ணிக்குள்ளயா?"

"பழக்கதோசம். இன்னொண்ணு சும்மா கெடந்துச்சு, அதுகூட நான் பேசிக்கிட்டிருந்தேன்."

"கையி கூடவா?"

"மத்ததெல்லாம் வேலையா இருந்துச்சே. அந்த நேரம் பாத்து களவா வயித்துல சங்கு ஊதிட்டு. ஷிப்டு முடியுதுன்னு பேய்க்கணவாய்க்கு அவசரம். எட்டுக் கையாலயும் ஒண்ணா வழிச்சு விட்டுட்டுப் போயிட்டு. அன்னைக்குப் போன முடிதான், இன்னும் வரல." மாமா குனிந்து தன் சொட்டைத் தலையை பர்னபாஸின் மூக்குக்கு நேரே நீட்டினார். "சந்தேகம்னா தடவிப் பாருங்க. மனுசன் வழிச்சா இந்த வழவழப்பு வருமா?"

பர்னபாஸ் நிஜமாகவே தடவிப் பார்த்தார். பிறகு ஆக்னஸைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். பின்வரிசைக் கிழவர் எழுந்து வந்து தடவிவிட்டுப் போனார். அதில் கொஞ்ச நேரம் போயிற்று. மாமா திரையைப் பார்த்தார். இப்போது ரெக்சலின் தலையை ஆட்டவும் பயந்து, கண்ணை மட்டும் உருட்டினாள். மீன் இன்னும் வரவில்லை என்பது மாமாவுக்குப் புரிந்துவிட்டது. அவருடைய முகத்தில் முதல் தடவையாக வியர்வை துளிர்த்தது. சலூனுக்கு மேல் அவரிடம் அதிகம் சரக்கு இல்லை.

"தலையத் தடவிட்டே நடந்தேனா," என்று இழுத்தார், "இருட்டுல நீட்டமா ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. பாத்தா டார்ப்பிடோ. கப்பல உடைக்க விடுவான்லா, அந்தக் குண்டு. வெடிக்காம கெடக்கு. காலு வலிக்குதேன்னு அது மேல உக்காந்தேன். உக்காந்த சூட்டுல ஸ்டார்ட் ஆயிட்டு!"

"அய்யோ மாதாவே," என்றாள் ஆக்னஸ், தன்னை மறந்து.

"டி.வி.எஸ் ஃபிப்டி மாதிரிதான் பிடிச்சு உக்காந்தேன். பிரேக்கு கெடையாது. சரி, வேகத்தக் கொறைக்கணும்னா பின்னால பாரம் கட்டணும்னு கப்பலோட நங்கூரச் சங்கிலிய எடுத்து அதோட வாலுல மாட்டினேன். பாரமாவது ஒண்ணாவது! கப்பலும் சேந்து கிளம்பிட்டு. லாரி, களவா, சலூனு, எல்லாம் பின்னால வருது. பசிபிக்கத் தாண்டியாச்சு. சிங்கப்பூர் கிட்ட வளைவுல ஹாரன் அடிக்கணும்னு பாக்கேன், அதுக்குள்ள களவா தானா ஊதிட்டு. ராமேஸ்வரத்துல பாம்பன் பாலத்துக்கு அடியில வரும்போது குனிஞ்சுக்கிட்டேன்."

"தண்ணிக்கு அடியில போறவரு பாலத்துக்கு எதுக்குவே குனிஞ்சீரு?"

மாமா சொட்டையைத் தடவிக்கொண்டார். "மரியாதைக்கு," என்றார்.

பர்னபாஸ் அதை ஒத்துக்கொள்கிற மாதிரி மெல்லத் தலையை ஆட்டினார். "சரி. கடைசியில எங்க நின்னுச்சு?"

"இங்கதான். நம்ம கரைக்கு நேரா. நேரம் சரியில்லாம இருந்தா அண்ணாச்சி வீட்டு வாசலுக்கே வந்திருக்கும். மணல்ல தட்டி நின்னுட்டு. இப்பவும் அடியில கெடக்கு."

"அப்படியா? தோணியில அந்த வழியாத்தான் நான் எத்தனையோ வருசம் போனேன். எனக்குத் தெரியாம ஒரு யுத்தக் கப்பலு. எந்த நேர? கலங்கரை விளக்குக்குத் தெக்கயா, வடக்கயா? ஆழம் எவ்வளவு? அடி சேறா, பாறையா? நிதானமா சொல்லும், அவசரமில்ல."

மாமா மாட்டிக்கொண்டார். தண்டலிடம் போய் இடம் சொன்னால் புளுகு என்று கையோடு கண்டுபிடித்துவிடுவார். கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். போன வருடத்து பேங்குக்காரன் போனபடியே இவர்களும் போகப்போகிறார்கள் என்று ரெக்சலின் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பின்வாசலில் பைக் வந்து நின்றது. அப்பா வேர்வையில் தொப்பலாக நனைந்து, ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே விளமீன், வாலை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா பெட்டியைப் பிடுங்கி, மீனை மளமளவென்று வெட்டினாள். கொதிக்கிற குழம்பில் துண்டுகள் விழுந்த சத்தம் ரெக்சலினுக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது. அவள் திரையையே ஒதுக்கிவிட்டு, கழுத்து சுளுக்கிக்கொள்கிற அளவுக்கு 'ஆமா, ஆமா' என்று தலையை ஆட்டினாள்.

மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. "இடந்தானே அண்ணாச்சி? எதுக்கு வாயால சொல்லணும். எங்க மச்சான் அந்தக் கப்பலுக்குத்தான் போயிட்டு வாறாரு. மீனு அங்க இருந்துதான் வருது. களவா கேட் பாஸ் போட்டுத் தர லேட் பண்ணிட்டு. எந்திரிங்க, சாப்பிடுங்க."

இலை போட்டார்கள். பர்னபாஸ் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தார். கை நனைந்துவிட்டது! அம்மா அடுப்படியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ரெக்சலினுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவளே குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு பரிமாற வந்தாள்.

ஆனால் பந்தி சரியாக இல்லை. முதல் துண்டு மீனை எல்லோரும் ஆசையாகத்தான் தின்றார்கள். இரண்டாவது துண்டில் கை தளர்ந்தது. ஆக்னஸ் சோற்றை இலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். பின்வரிசைக் கிழவர் சுவரில் சாய்ந்துவிட்டார். மீன் நன்றாக இல்லையோ, கை நனைத்தது சும்மா மரியாதைக்கோ என்று ரெக்சலின் ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாமா இதையெல்லாம் பார்க்கவே இல்லை. பெரிய மனிதருக்குத்தான் தலை என்று, ஒரு கிண்ணம் நிறைய விளமீன் தலையைக் கொண்டுவந்து பர்னபாஸின் இலையில் வைத்தார்.

பர்னபாஸ் தலையைப் பார்த்தார். தலையும் அவரைப் பார்த்தது. அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"கஸ்பாரு, என்ன மன்னிச்சிரும். முடியல. நெசத்தச் சொல்லிருதேன். நாங்க சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்."

"சாப்பிட்டா?"

"ஞாயித்துக்கெழமையில எந்தக் கடற்கரையில மீனு இருக்கும்? எங்க ஊருலயும் வள்ளம் ஏறித்தான் கெடக்கு. நீங்க ஐஸ் மீனு போடுவிய, இல்ல கோழி போடுவிய. எங்க வீட்டுல ரெண்டும் ஆவாது. பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு, சும்மா ஒரு வாயி கை நனைச்சிட்டு வருவோம்னு, வாற வழியில பைபாஸ்ல இறங்கி ஆளுக்கொரு மட்டன் பிரியாணிய அடிச்சிட்டோம். இந்தக் கிழவர் ரெண்டு. வந்து இறங்கினா உங்க அக்கா பச்ச மீனுங்காவ! பச்ச மீன ஒரு வாயி தின்னுட்டு எந்திரிச்சா பொண்ணு பிடிக்கலன்னுல்லா நினைப்பிய. அதான் சோடாவா குடிச்சோம். இவ வெத்தலையும் கேட்டுப் பாத்தா, நீங்க தரல."

அம்மா அடுப்படி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காசிம்பட்டினத்துக்குப் போய்வந்த தூரத்தை மனதில் கணக்குப் போடுகிற மாதிரி நின்றார். மாமா மட்டும் வேறு ஏதோ யோசனையில் இருந்தார்.

"அண்ணாச்சி, அப்போ அந்தக் கப்பலு? அவ்வளவு கேள்வி கேட்டியளே. ஒண்ணு ரெண்டாவது நம்பினியளா?"

"நம்புறதா?" பர்னபாஸ் கையை உதறினார். "யாருவே கதையக் கேட்டா? நீரு நிறுத்தினா இலை போட்டிருவாவளேன்னு கேள்வி கேட்டேன். பிரியாணி இறங்குத வரைக்கும் ஒரு ஆளு பேசிட்டே இருக்கணும், நீரு பேசினீரு. போதும் சம்மந்தி, அந்தச் சோடாவ எடும்."

சம்மந்தி என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. ரெக்சலினுக்கு அது கேட்டது, அம்மாவுக்குக் கேட்டது. மாமாவுக்குக் கேட்கவில்லை. புளுகு என்று யாராவது திட்டினால் அவருக்கு அது சாப்பிட்ட மாதிரி இருக்கும். கதையைக் கேட்கவே இல்லை என்று மட்டும் இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. முகம் தொங்கி, மீன் தலைக் கிண்ணத்தை இலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பார்க்க ரெக்சலினுக்கே பாவமாக இருந்தது.

டெல்வின் தன் இலையைச் சுத்தமாகக் காலி செய்து மடித்தான். எழுந்து பின்கட்டுக் குழாயடிக்குப் போனான். நிதானமாகக் கையைக் கழுவினான். வாயைக் கொப்பளித்தான். கொடியில் கிடந்த துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். அதன் பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கித் தனியாகச் சிரித்தான்.

"விசிறுச்சாம்," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. "தண்ணிக்குள்ள!"

ரெக்சலின் குழம்புச் சட்டியை எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்தில் மாமாவின் முதுகு நிமிர்ந்தது. கிண்ணத்தைக் கொண்டுபோய் மறுபடியும் பர்னபாஸின் இலையில் வைத்து, ஸ்டூலை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தின்னுங்க சம்மந்தி, பயப்படாம தின்னுங்க. திமிங்கிலத்துக்குப் பல்லு புடுங்கின கதை ஒண்ணு இருக்கு. அது சாயங்காலம் வரைக்கும் போவும், தலையும் செரிச்சிரும்."